உமிரிக்குடா என்றொரு இடம் இல்லை

1

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊருக்குப் பிறந்தநாள். எங்கள் ஊர் என்றால் நீங்கள் நினைக்கும் ஊர் அல்ல, நாங்கள் இப்போது இருக்கும் ஜெர்மன் மலைக்காட்டு ஊர். பிராங்பேர்ட்டில் இருந்து ஒரு ரயிலும் இரண்டு பஸ்ஸும் பிடித்து வரவேண்டும். பதினொரு வீடுகள், ஒரு சிற்றாலயம், ஒரு பஸ் தரிப்பு, மனிதரைவிட அதிகமாக மாடுகள். பன்னிரண்டாவது கட்டடம் பழைய விடுதி. அதில்தான் அகதிகளை வைத்திருக்கிறார்கள். ஹைம் என்பார்கள். ஊர்க்காரர் வீடுகளை எண்ணும்போது அதை விட்டுவிடுவார்கள்.

அந்தப் பதினொரு வீட்டுக்கு வயது எழுநூறாம். கூடாரம் அடித்து, வாத்தியம் ஊதி, பன்றி சுட்டு, நீள மேசைகளில் எல்லோரையும் இருத்திச் சாப்பாடு போட்டார்கள். பொய் சொல்லக்கூடாது, ஹைம்காரரையும் அழைத்தார்கள். கூடாரத்துக்குள் ஊரின் படத்தைப் பெரிதாக வரைந்து மாட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் ஒரு பெயர். ஓடை திரும்பும் இடத்துக்கு ஒரு பெயர். எந்தக் குடும்பம் எங்கிருந்து வந்தது, எந்த யுத்தத்தில் எந்தக் கூரை எரிந்தது, யார் யாரோடு வேலிச் சண்டை போட்டார்கள், எல்லாம் எழுதியிருந்தது. பதினொரு வீட்டுக்கு இவ்வளவு கதையா என்று முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வயிறு எரிந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

படத்தை விளக்கிக்கொண்டு நின்றவர் ஓய்வு பெற்ற தபால்காரர். நல்ல மனிதர். எங்களைக் கண்டால் தொப்பியைத் தூக்குவார். அவர் என் கணவர் அல்பிரட்டிடம் மரியாதையாகக் கேட்டார், உங்கள் ஊருக்கு எத்தனை வயது என்று. அல்பிரட் மேசையில் இருந்த வெறும் கோப்பைகளை அடுக்கி எடுத்துக்கொண்டு கழுவும் இடத்துக்குப் போய்விட்டார். தபால்காரர் தன் ஜெர்மன் விளங்கவில்லையாக்கும் என்று நினைத்து என் பக்கம் திரும்பி அதே கேள்வியை இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்டார். சத்தம் கூட்டினால் மொழி விளங்கும் என்பது இந்த நாட்டு நம்பிக்கை. எனக்கு முதல் தரமே விளங்கியிருந்தது. வாய்தான் வரவில்லை.

அவருக்குச் சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். ஊர்ப் பெயர்கள் இரண்டையும்கூட மாற்றித்தான் எழுதுகிறேன். ஏன் என்பது வாசித்துக்கொண்டு போகத் தெரியும்.

2

உமிரிக்குடா மன்னார்க் கரையில் இருந்தது. மேற்கே கடல். கிழக்கே உப்புவெளி, கோடையில் வெள்ளையாகப் பொரிந்து கிடக்கும், மாரியில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும். நடுவில் ஒரு மணல் திட்டி, அதில் எங்கள் வீடுகள். வடக்கே கடல் நிலத்துக்குள் வளைந்து புகுந்து குடாவாக நிற்கும். குடாவின் மறுகரையில் பெரியகரை என்ற ஊர். அங்கே கல்லுக் கோயில், பள்ளிக்கூடம், தபால் கந்தோர், சங்கக்கடை, மணிக்கூட்டுக் கோபுரம் எல்லாம் இருந்தன. எங்களிடம் இருந்தது ஓலைக் கூரை போட்ட ஒரு சிற்றாலயமும் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றும். உமிரி என்பது உவர் நிலத்தில் சிவப்பாகப் படரும் பூண்டு. நாலு தண்ணீர் மாற்றி அவித்தால் மனிதர் தின்னலாம். ஆடு அவிக்காமலே தின்னும், ஆனால் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான்.

எங்களுக்கும் சரித்திரம் இருக்கிறது. அது ஒரு மாதா சிலையில், எங்கள் பேச்சில் சுருவத்தில், தொடங்குகிறது. பெரியகரைத் திருவிழாவில் சுருவத்தைத் தூக்கிச் சுற்றும்போது முன் வலது தண்டு யாருடைய தோளில் ஏறுவது என்று சண்டை வந்ததாம். தோற்றது நாலு குடும்பம். அந்த நாலு குடும்பமும் வீட்டுக் கூரைகளைப் பிரித்து வள்ளத்தில் ஏற்றி, குடாவைக் கடந்து வந்து மணல் திட்டியில் இறங்கிவிட்டன. ரோசக்காரர்கள். ரோசம் தவிர அந்தத் திட்டியில் வேறொன்றும் விளையவில்லை. தனிக் கோயிலுக்கு அனுமதி கேட்டார்கள். ஒரு கோயிற்பங்கை இரண்டாகப் பிரிக்க முடியாது என்று ஆயரிடமிருந்து பதில் வந்தது. ஆகவே ஞானஸ்நானம் பெரியகரையில். கலியாணம் பெரியகரையில். செத்தால் பெட்டியை வள்ளத்தில் வைத்துக் குடாவைக் கடந்து பெரியகரைச் சேமக்காலைக்குக் கொண்டுபோவோம். கடிதம் வந்தால் அங்கேதான் கிடக்கும். பிறப்புப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ், அடையாள அட்டை, எல்லாவற்றிலும் பெரியகரை என்றுதான் இருக்கும்.

இதிலிருந்து எங்களுக்கு ஒரு பழக்கம் வந்தது. எங்களுக்குள் நாங்கள் பெரியகரை என்று மறந்தும் சொல்லமாட்டோம். வெளியே போனால் உமிரிக்குடா என்று மறந்தும் சொல்லமாட்டோம். மன்னார் ஆஸ்பத்திரியில், கொழும்பு பஸ்ஸில், அரசாங்கக் கச்சேரியில், எந்த ஊர் என்று யார் கேட்டாலும் பெரியகரை என்று வாய் தானாகச் சொல்லும். அது பொய் என்று எங்களில் ஒருவருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை. கேட்கிறவருக்குத் தெரிந்த இடத்தைச் சொல்வதுதான் மரியாதை. பெரியகரையார் மட்டும் எங்களுக்கு ஒரு பெயரும் வைக்கவில்லை. கையைத் தெற்கே காட்டி ‘அங்காலை’ என்பார்கள். அங்காலை ஆக்கள், அங்காலைப் பொம்பிளையள். நான் பெரியகரைக் கோயிலில் கலியாணம் முடித்து மாலையோடு வெளியே வந்தபோதும் அங்காலைப் பொம்பிளைதான்.

ஒரு விடியற்காலை கடற்படை வந்தது. பெரியகரைக்குப் போகவில்லை, நேரே எங்கள் திட்டிக்குத்தான் வந்தது. வள்ளங்களைக் கரையில் வைத்தே எரித்தார்கள். அல்பிரட்டைத் துவக்குப் பிடியால் அடித்து மணலில் போட்டார்கள். அவருடைய தம்பி பெனடிற்றையும் இன்னும் சில இளம் ஆட்களையும் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பெனடிற் எங்கே என்று இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. அதற்குப் பிறகு ஊரில் ஒருவரும் இருக்கவில்லை. சிலர் ராமேஸ்வரத்துக்கு, சிலர் மடு மாதா கோயிலுக்கு, சிலர் வெட்கத்தை விட்டுப் பெரியகரைக்கு. உமிரிக்குடாவின் சரித்திரம் அவ்வளவுதான்.

3

அல்பிரட் 1984 மாரியில் கிழக்கு பேர்லின் வழியாக ஜெர்மனிக்கு வந்தார். மேற்கே வந்து இறங்கியதும் பொலிஸ்காரர் எந்த ஊர் என்று கேட்டார். பெரியகரை என்றார் அல்பிரட். வேறென்ன சொல்வார்? பிறந்ததில் இருந்து வாயை அதற்குத்தானே பழக்கியிருக்கிறோம். நானும் மகள் அனிற்றாவும் அடுத்த வருடம் வந்து சேர்ந்தோம். அவளுக்கு அப்போது நாலு வயது.

அகதி விண்ணப்பத்துக்கு விசாரணை நடந்தது. அங்கே அல்பிரட் நடந்ததை எல்லாம் சொன்னார்: வள்ளம் எரிந்தது, தான் அடி வாங்கியது, தம்பியைக் கொண்டுபோனது. எந்த இடத்தில் என்று அதிகாரி கேட்டதும், உயிர் போகிற விசயத்தைக் கதைக்கும்போது யார் மரியாதைக்குப் பேசுவார்கள், உமிரிக்குடாவில் என்று சொல்லிவிட்டார். அந்தப் பேச்சை அவர் எனக்கு எத்தனையோ தரம் நடித்துக் காட்டியிருக்கிறார். அதிகாரியின் பங்கை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்.

“பேர்லினில் பெரியகரை என்று சொல்லியிருக்கிறீர்கள்.”

“ஓம் சேர்.”

“இப்போது வேறு இடம் சொல்கிறீர்கள்.”

“இதுதான் சேர் எங்கட சொந்த இடம். வெளியாலை பெரியகரை எண்டுதான் சொல்லுறனாங்கள்.”

“ஏன்?”

“எங்கட இடத்தை ஒருத்தருக்கும் தெரியாது சேர்.”

“ஒருவருக்கும் தெரியாத இடத்தை நாங்கள் மட்டும் எப்படி நம்புவது?”

அந்த மனிதரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் தன்னிடம் இருந்த வரைபடங்களைப் பார்த்தார். அதில் பெரியகரை இருந்தது, உமிரிக்குடா இல்லை. அந்தக் காலத்தில் பெரியகரையில் கடற்படை இறங்கியதாக எந்தத் தகவலும் அவரிடம் இல்லை. உண்மையிலேயே அங்கே இறங்கவில்லை. விண்ணப்பதாரர் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார், அவர் சொல்லும் இடம் இருப்பதாகத் தெரியவில்லை என்று எழுதி விண்ணப்பத்தைத் தள்ளிவிட்டார்கள். நாங்கள் நீதிமன்றத்துக்கு மனுப் போட்டோம். அதன் பிறகு வருடக் கணக்கில் காத்திருப்பு.

காத்திருப்பதை எப்படி விளங்கப்படுத்துவது? வேலை செய்ய அனுமதி இல்லை. மாவட்ட எல்லையைத் தாண்டுவதென்றால் கந்தோரில் அனுமதித் துண்டு வாங்கவேண்டும். சாப்பாட்டுப் பொதியைக் கொண்டுவந்து தருவார்கள். அதில் என்ன இருக்கும் என்பதை அவர்கள்தான் தீர்மானிப்பார்கள். ஒருமுறை கிழமைக் கணக்கில் பீற்றூட் வந்தது. ஒரே குசினியில் எரித்திரியாக்காரி தன் மசாலாவை வறுப்பாள், நான் என் மிளகாயை வறுப்பேன், கீழ்வீட்டுக் கிழவர் யன்னலைச் சாத்துவார். கடலில் நின்ற மனிதர் அல்பிரட் நாள் முழுக்க யன்னலடியில் குந்தி மாடு பார்த்தார். மாடு பார்த்துப் பார்த்து எது எந்த வீட்டு மாடு என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். அவருக்கு ஊர் என்பதை அறியாமல் இருக்க ஏலாது.

அனிற்றா மட்டும் காத்திருக்கவில்லை. பள்ளிக்கூடம் போனாள், இந்த மலையின் ஜெர்மனை இந்த மலைப் பிள்ளைகள்போலவே கதைத்தாள். நாங்கள் தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில். ‘நான் பிறந்த இடம்’ என்ற தலைப்பில் வகுப்பில் படம் வரையச் சொன்னார்களாம். பஸ் தரிப்பும் ஒரு மாடும் வரைந்து கொண்டுவந்தாள். சுவரில் ஒட்டினேன். மாடு நன்றாகத்தான் வந்திருந்தது.

4

போன வருடம் வழக்குக்குத் தெர்மீன் வந்தது, அதாவது நாள் குறித்தார்கள். எங்கள் சட்டத்தரணி மெலிந்த ஒரு பெண். மேசை நிறைய எங்களைப்போன்ற ஆட்களின் வழக்குக் கட்டுகள். அவர் சொன்னது இரண்டே விசயம். அந்த இடம் இருந்தது என்று காட்டினால் அல்பிரட் சொல்வது பொய்யல்ல என்று ஆகும். அதற்கு ஊரின் வரைபடம் ஒன்று வேண்டும். அந்த ஊரில் பிறந்த இன்னொரு ஆள் வந்து சாட்சி சொல்ல வேண்டும். அப்படி யாராவது ஜெர்மனியில் இருக்கிறார்களா?

“இருக்கிறார்,” என்றார் அல்பிரட். முகம் எல்லாம் வெளிச்சம். “சேவியர் அண்ணை. பொன்னிலை இருக்கிறார். ஒரே வள்ளத்திலை தொழில் செய்தனாங்கள். என்ர மகளின்ர ஞானத்தகப்பன்.”

பொன் என்றால் உங்கள் பத்திரிகைகளில் பான் என்று எழுதும் நகரம். சேவியர் அண்ணை அங்கே ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறார். சட்டத்தரணி பெயரையும் விலாசத்தையும் குறித்துக்கொண்டார். அன்றைக்கே நீதிமன்றத்துக்கு அனுப்பியும் விட்டார். இந்த நாட்டில் எல்லாம் ஆமை வேகம், எங்களுக்குக் கேடு வரும் காரியம் மட்டும் உடனே நடக்கும்.

அந்தச் சனிக்கிழமை பஸ் தரிப்புக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கூண்டில் இருந்து சேவியர் அண்ணைக்கு எடுத்தோம். நானும் அவரும் ஒரே ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றோம். அல்பிரட் விசயத்தைச் சொல்லி முடித்தார். சேவியர் அண்ணை மறுபக்கத்தில் ஏதோ கதவைச் சாத்திவிட்டு வந்து கேட்டார்.

“தம்பி, நான் என்ர கேசிலை எந்த ஊர் எண்டு சொன்னனான் தெரியுமோ?”

“எந்த ஊர் அண்ணை?”

“பெரியகரை. எல்லாத்தையும் பெரியகரையிலை நடந்ததெண்டுதான் குடுத்தனான். வள்ளம் எரிச்சதையும்தான். என்னை விசாரிச்சவன் ஒண்டும் கேக்கேல்லை. முதுகிலை கிடந்த காயத்தைப் பாத்தான், எழுதினான், ஏற்றுக்கொண்டிட்டாங்கள்.”

அல்பிரட் இன்னொரு நாணயத்தைப் போட்டார். சேவியர் அண்ணைக்கு அகதி என்று ஏற்றுக் கொடுத்த நீலப் பாஸ்போட் இருந்தது. அதை வைத்துத்தான் அந்த வருடம் மனைவியையும் பிள்ளைகளையும் கூப்பிட்டிருந்தார். தான் உமிரிக்குடா ஆள் என்று நீதிமன்றத்தில் சொன்னால் அவருடைய விசாரணைப் பேச்சு பொய்யாகிவிடும். பொய் சொல்லி வாங்கியதைத் திருப்பிப் பறிக்க இவர்களுக்குச் சட்டம் உண்டு. ஒரே கடற்கரையில், ஒரே விடியற்காலையில் அடி வாங்கிய இரண்டு பேர். ஒருவர் பெரியகரை என்று சொல்லித் தப்பினார், மற்றவர் இரண்டையும் சொல்லி மாட்டினார்.

“அண்ணை, நான் பேரைக் குடுத்திட்டன். இனித் திருப்பி வாங்கேலாதாம்.”

“குடுத்திட்டாய். இனி என்ன செய்யிறது.” அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எங்களுக்கு லேசாக இருந்திருக்கும். “கடிதம் வந்தால் வரத்தான் வேணும். வாறன். வந்து என்ன சொல்லுவனோ எனக்குத் தெரியாது தம்பி. நீ என்னை மன்னிக்கவேணும், முதலே சொல்லிப்போட்டன்.”

பிறகு நாங்கள் வரைபடம் கீறினோம். அதுவும் ஒரு கூத்து. சாப்பாட்டுப் பொதி வந்த பெட்டியைப் பிரித்து, உட்பக்கத்தில் கீறத் தொடங்கினார் அல்பிரட். முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அட்டை முழுக்கக் கடல். கடலுக்கடியில் எந்தப் பார் எங்கே பாறையாகக் கிடக்கிறது, எங்கே நீரோட்டம் இழுக்கும், சிற்றாலயத்துக் குருசும் தனிப்பனையும் ஒரே கோட்டில் வந்தால் எத்தனை பாகம் ஆழம், எல்லாம் இருந்தது. ஊர் மட்டும் அட்டையின் ஓரத்தில் ஒரு கோடு.

“இஞ்சேருங்கோ, வீடுகள் எங்கை?”

“இதுதான் வீடுகள்.”

“கடலிலையிருந்து பாக்கிறவனுக்கு இது காணும். நீதவான் என்ன வள்ளத்திலையே வரப்போறார்?”

அவருக்கு ஊர் என்பது தொழில் முடித்துத் திரும்பும்போது தெரியும் ஒரு கரை. எனக்குக் கடல் என்பது வேலிக்கு அங்கால் இரையும் ஒரு சத்தம். நான் இன்னொரு அட்டையில் கிணறு, ஒழுங்கைகள், சிற்றாலயம், உப்புவெளி வழியாகப் பெரியகரைக்குப் போகும் மண்ரோட்டு எல்லாம் கீறினேன். வீட்டு வளவுகளுக்குப் பெயர் எழுதினேன்: நாவலடி, சங்குமுள்ளு, கிணற்றடி. இரண்டு அட்டையையும் ஒட்டிப் பார்த்தால் கரை பொருந்தவில்லை. என் கரை நேராகப் போகிறது, அவருடைய கரை வளைகிறது. என்னுடையது பிழை என்று அவர், அவருடையது பிழை என்று நான். கலியாணம் முடித்த பிறகு அவ்வளவு சந்தோசமாகச் சண்டை போட்டது அன்றைக்குத்தான். கடைசியில் நடுவில் கொஞ்சம் அழித்து இரண்டையும் சேர்த்தோம். கரையில் பெனடிற் நின்ற இடத்தில் அல்பிரட் ஒரு புள்ளி வைத்தார். அதற்கு ஒன்றும் எழுதவில்லை.

5

நீதிமன்றத்துக்குப் போகவும் துண்டு வாங்க வேண்டும். எங்களை விசாரிக்கக் கூப்பிட்ட அரசாங்கத்திடமே போக அனுமதி கேட்டு வரிசையில் நின்றோம். அனிற்றாவை எரித்திரியாக்காரியிடம் விட்டுவிட்டுப் போனோம்.

மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டு ஆராய்ச்சி மாணவர், பொன் பக்கத்தில் படிக்கிறவர். நல்ல குணம், எங்கள் தமிழ்தான் அவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை. அல்பிரட் ‘எங்கட குறிச்சி’ என்றபோது, “சார், குறிச்சின்னா வில்லேஜா, இல்ல ஒரு ஏரியாவா?” என்று கேட்டார். “ஊர் எண்டு சொல்லுங்கோ தம்பி,” என்றார் அல்பிரட்.

நீதவான் அட்டையை வெகு நேரம் பார்த்தார். அவருக்கு அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். கிணறு எது, ரோட்டு எது என்று கேட்டார். அல்பிரட் நன்றாகச் சொன்னார். அவர் அவ்வளவு தெளிவாகப் பேசி நான் கேட்டதில்லை. சட்டத்தரணி என்னைப் பார்த்து மெல்லச் சிரித்தார். பிறகு வெளியில் காத்திருந்த சாட்சியைக் கூப்பிட்டார்கள்.

சேவியர் அண்ணை கடனுக்கு வாங்கிய கோட்டோடு வந்தார், கை நீளம் காணாது. எங்கள் பக்கம் பார்க்கவில்லை. நீதவான் அவர் பிறந்த இடத்தைக் கேட்டார்.

“பெரியகரை.”

“பெரியகரைக்குத் தெற்கே உமிரிக்குடா என்று ஒரு ஊர் இருக்கிறதா?”

சேவியர் அண்ணை கோட்டுக் கையை இழுத்துவிட்டார். அவருடைய தகப்பனின் தகப்பன் கூரை பிரித்து வந்த நாலு குடும்பத் தலைவரில் ஒருவர். “அங்காலை ஒண்டுமில்லை,” என்றார். “உப்புவெளி.”

மாணவர் அதை மொழிபெயர்த்தார். சட்டத்தரணியின் முகம் வெளுத்துப் போனது. நீதவான் அட்டையைக் கீழே வைத்துவிட்டு அல்பிரட்டிடம் கேட்டார், நீங்கள் பெயர் கொடுத்த ஆள் இவர்தானா, உங்களோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்தவர் இவர்தானா என்று.

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். சேவியர் அண்ணையின் கதை அந்த இடத்திலேயே ஆட்டம் காணும், எங்கள் கதை நிமிரக்கூடும். இங்கே வேலை, வீடு, பிள்ளைக்கு ஒரு பாஸ்போட், எல்லாம் அந்தச் சொல்லில் இருந்தது. பெனடிற்றைக் கொண்டுபோனார்கள் என்று ஒரு அரசாங்கமாவது எழுதி வைக்கும், அதுவும் அதில் இருந்தது. நான் அல்பிரட்டின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லுங்கோ என்று எனக்குள் கத்தினேன். சொல்லிவிடாதேயுங்கோ என்றும் கத்தினேன். இரண்டும் நான்தான்.

“இவர் இல்லை,” என்றார் அல்பிரட். “அதே பேர். ஆள் மாறிப்போச்சு.”

நீதவான் கடைசியாக என்னைப் பார்த்தார். உங்களுக்கு இவரைத் தெரியுமா? ஞானஸ்நானத்தன்று என் பிள்ளையைக் கையில் வாங்கித் தலைக்குத் தண்ணீர் வார்க்கக் கொடுத்து நின்றவர். தெரியாது என்று தலையாட்டினேன். அந்த அறையில் உமிரிக்குடா ஆட்கள் மூன்று பேர் இருந்தோம். மூன்று பேரும் சொல்லி முடித்துவிட்டோம். மாணவர் எங்கள் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டதோ என்று எனக்குப் பயம். அவர் சொன்னதை மட்டும் மொழிபெயர்த்துவிட்டுப் பேனாவை மூடினார். அவருக்குக் கோடி புண்ணியம்.

6

ரயில் நிலையத்தில் சேவியர் அண்ணையும் நின்றார். அவர் பொன்னுக்குப் போகும் ரயிலுக்கு, நாங்கள் மலைப்பக்க ரயிலுக்கு. நீதிமன்றத்து ஆட்கள் யாராவது நிற்பார்களோ என்று தள்ளித் தள்ளி நின்றோம். கொஞ்சத்தால் அவர் ரயில் நேரம் பார்க்கிறவர்போல் எங்களுக்குப் பக்கத்தில் இருந்த அட்டவணையடிக்கு வந்தார். அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் கேட்டார்.

“பிள்ளை எப்பிடி?”

“நல்லாயிருக்கிறாள் அண்ணை.”

“வளந்திட்டாளோ?”

“ஓம், இப்ப கண்டால் உங்களுக்கு ஆளை மட்டுக்கட்டேலாது.”

“படம் கீறினனியாம். என்ர வளவைக் கீறினியோ?”

“கீறினனான். பேர் எழுதேல்லை.”

சேவியர் அண்ணை தலையை ஆட்டினார். கண்ணைத் துடைக்க அந்தக் கோட்டுக் கை எட்டவில்லை. ரயில் வந்ததும் ஒரு பையைப் பக்கத்து மர வாங்கில் வைத்துவிட்டு ஏறிப்போனார். உள்ளே வர்ணப் பென்சில் பெட்டி ஒன்று இருந்தது. யார் தந்தது என்று அனிற்றா கேட்டபோது சட்டத்தரணி தந்தது என்று சொன்னோம். அதற்குப் பிறகு நாங்கள் அவருக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. நத்தார்ப் பண்டிகைக்கு வாழ்த்து அனுப்பவில்லை. அவரும் அனுப்பவில்லை. ஒருவரை ஒருவர் தெரியாது என்று நீதிமன்றத்தில் சொன்ன ஆட்கள் எப்படிக் கடிதம் போடுவது?

தீர்ப்பு நாங்கள் எதிர்பார்த்ததுதான். வழக்குத் தள்ளுபடி. திருப்பி அனுப்பவும் இல்லை. சில மாதங்களுக்குப் பொறுத்துக்கொள்கிறோம் என்று ஒரு கடதாசி தருவார்கள், டுல்டுங் என்பார்கள், அது முடிய அடுத்தது. இப்படி எவ்வளவு காலம் என்று சட்டத்தரணியிடம் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உமிரிக்குடா என்ற பெயரை நாங்கள் வீட்டுக்குள்ளும் விட்டுவிட்டோம். அனிற்றா கேட்டதையெல்லாம் பள்ளிக்கூடத்தில் போய்ச் சொல்கிற பிள்ளை. அவள் ஒரு ஆசிரியையிடம் சொல்லி, ஆசிரியை ஒரு கந்தோரில் சொல்லி, அது சேவியர் அண்ணையின் வழக்குக் கட்டுக்குள் போய்ச் சேர்ந்தால் என்ன ஆவது? நாலு வயதில் வந்த பிள்ளைக்கு அந்தப் பெயர் ஏற்கனவே மங்கியிருந்தது. முழுக்கப் போவதற்கு அதிக காலம் எடுக்கவில்லை.

பிறந்தநாள் விழா முடிந்த மறுநாள், போன திங்கட்கிழமை, வெளிநாட்டார் கந்தோரில் எங்களுக்குத் தெர்மீன். கடதாசி புதுப்பிக்கப் போனோம். இப்போதெல்லாம் அனிற்றாதான் எங்களுக்கு மொழிபெயர்ப்பு. மூன்று பேருடைய விபரமும் சரியா என்று அதிகாரி ஒவ்வொன்றாக வாசித்தார். அனிற்றாவின் பெயர் வந்ததும், பிறந்த இடம் பெரியகரை என்றார். அவள் அதை மொழிபெயர்க்காமல் தகப்பனின் பக்கம் திரும்பினாள்.

“அப்பா, நான் அங்கையோ பிறந்தனான்?”

அவள் பிறந்தது நாவலடி வளவில், என் தாயின் வீட்டில். மாரித் தண்ணீர் உப்புவெளியை மூடியிருந்ததால் பெரியகரை மருத்துவிச்சியை அல்பிரட்தான் இருட்டோடு வள்ளம் வலித்துப் போய்க் கூட்டிவந்தார். அல்பிரட் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

“ஓம் பிள்ளை,” என்றார்.

“அது பெரிய ஊரோ?”

“ஓம். பெரிய ஊர்.”

“எங்கட இந்த ஊரைவிடப் பெரிசோ?”

“பெரிசு. கல்லுக் கோயில் இருக்கு. மணிக்கூட்டுக் கோபுரம் இருக்கு.”

அனிற்றாவின் முகம் மலர்ந்தது. அவளோடு படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் சின்னச் சின்ன ஊர்ப் பிள்ளைகள். அதிகாரியிடம் திரும்பி, சரி என்று உற்சாகமாகச் சொன்னாள். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் கோபுரம் எவ்வளவு உயரம், மணி எத்தனை தரம் அடிக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தாள். அல்பிரட் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார்.